மூன்றாவது சிலிண்டர்

தடித்த தேங்காய்நார்க் கயிறு ஒன்று. அதன் ஒரு முனை டிராக்டரின் கொக்கியில் இருந்தது, மறு முனை வெளிர் நீலச் சின்னக் கார் ஒன்றின் முன்பக்கம் கட்டியிருந்தது. தாடிக்கொம்பு சாலையில் என் பட்டறை வாசலில் அந்தக் கயிறு தளர்ந்து தரையில் விழுந்த காலை நன்றாக நினைவிருக்கிறது. டிராக்டரை ஓட்டி வந்தவர் அகரம் கிராமத்தில் விவசாயம் பார்ப்பவர். பின்னால் காரின் ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தவர் அவருடைய அண்ணன் மனைவி. அரசு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் அவர் நர்ஸம்மாதான். காரை விட்டு இறங்கியதும் சேலையைச் சரிசெய்துகொண்டு என்னிடம் வந்தார்.

"வண்டிய ஓட வைக்கணும்னு அவசியமில்ல தம்பி. ஏன் நின்னுச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க. அது போதும்."

நின்ற கதை எனக்கும் தெரியும். மழைக்காலத்துக்கு முன்பு ஒரு நாள் காலையில் அவர் கணவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொட்டிய வேர்வையைப் பார்த்ததுமே அது என்னவென்று நர்ஸம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் கணவரைப் பக்கத்து இருக்கையில் ஏற்றித் தானே காரை எடுத்தார். வயதான பிறகு ஓட்டப் பழகியவர். கணவர் இருந்தால் அவர்தான் ஓட்டுவார், இவர் எப்போதாவது மாதா கோயிலுக்கு எடுத்துப் போவதோடு சரி. அன்று டவுனுக்குள் நுழையும்வரை வண்டி ஒழுங்காகத்தான் வந்திருக்கிறது. மார்க்கெட் பக்கம் வெங்காய லாரிகள் தெருவை அடைத்து நின்றன. பிரேக்கை மிதித்து நிறுத்தினார். என்ஜின் ஒரு குலுக்குக் குலுக்கி அணைந்துபோனது. மறுபடி மறுபடி சாவியைத் திருப்பியதில் பெட்ரோல் வாடைதான் வந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று யாரோ சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. ஆட்டோ ஒன்றைப் பிடித்து ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கணவரின் தலை அவர் தோளில் கனத்துக் கிடந்தது. எத்தனையோ பேருக்கு நாடி பார்த்த கை. கணவருக்குப் பார்க்க வேண்டியிருக்கவில்லை என்று பின்னாளில் என் மனைவியிடம் சொன்னாராம்.

துக்க வீட்டில் எல்லோர் முன்னிலும் கணவரின் தம்பி, இப்போது டிராக்டர் ஓட்டி வந்தவர், ஒரு வார்த்தை சொன்னார். "ஓட்டத் தெரிஞ்சவன் ஓட்டியிருந்தா எங்கண்ணன் பொழச்சிருப்பாரு." நானும் அங்கே இருந்தேன். யாரும் மறுத்துப் பேசவில்லை, நர்ஸம்மாவும் பேசவில்லை. கிளட்சைச் சரியாக மிதிக்காமல் தான்தான் வண்டியை அணைத்துவிட்டோம் என்று அவரே நம்பிவிட்டிருந்தார். அந்த நம்பிக்கையோடு பல மாதங்கள் அதே வீட்டில், கார் நிறுத்திய கொட்டகையைப் பார்த்தபடி இருந்திருக்கிறார். கடைசியில் தெரிந்துகொண்டுவிடுவது என்று துணிந்துதான் கொழுந்தனாரிடம் டிராக்டர் கேட்டிருக்கிறார்.

வேறு பேட்டரி வைத்து, பழைய பெட்ரோலை இறக்கிப் புதிதாக ஊற்றியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் பிடித்திருந்தால் சீராக ஓடியது. காலை எடுத்தால் போதும், வண்டி முழுக்க உதறும். கண்ணாடி கடகடக்கும். சற்று நேரத்தில் அணைந்துவிடும். இப்போது வரும் வண்டிகளில் கருவியைச் செருகினால் எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று திரை சொல்லிவிடுகிறது. இது கார்புரேட்டர் காலத்து வண்டி. ஓடும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தேன். முதல் வயரைக் கழற்றியதும் என்ஜின் தள்ளாடியது. இரண்டாவதற்கும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது எந்த மாற்றமும் இல்லை. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி என்ஜின் ஓடும்போது, அந்த சிலிண்டர் சும்மாதான் இருந்திருக்கிறது.

ஏன் என்பதுதான் கேள்வி. பிளக்கை இடம் மாற்றிப் போட்டேன், கோளாறு மூன்றாவதிலேயே நின்றது. பொறி நன்றாக வந்தது. கம்ப்ரஷனும் மற்ற இரண்டைப் போலவே இருந்தது. எண்ணெய்க் குடுவையில் தண்ணீர் எடுத்து, கார்புரேட்டரிலிருந்து என்ஜினுக்குக் காற்று போகும் குழாயின் இணைப்பு ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தேன். மூன்றாவது சிலிண்டரின் பக்கம் வந்ததும் அந்தத் தண்ணீர் சர்ரென்று உள்ளே இழுபட்டது. ஒரு நொடி உதறல் நின்று, மீண்டும் தொடங்கியது. அங்கே இணைப்பை அடைத்து வைக்கும் கேஸ்கெட் இற்றுப்போயிருந்தது. அந்த இடுக்கு வழியே வேண்டாத காற்று உள்ளே போய்க்கொண்டிருந்தது. வேகத்தில் போகும்போது அது ஒரு பொருட்டில்லை. நின்ற இடத்தில் ஓடும்போதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

"உங்க கால் மேல தப்பில்லங்கம்மா," என்றேன். "அந்த எடத்துல யாரு ஓட்டியிருந்தாலும் நின்னுதான் போயிருக்கும்."

அவர் பக்கத்தில் கிடந்த பழைய டயரின் மேல் மெல்ல உட்கார்ந்தார். நான் கார்புரேட்டரைக் கழற்றக் குனிந்தபோதுதான், நின்ற இடத்தில் என்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்க்ரூ கண்ணில் பட்டது. சுற்றிலும் துரு. ஸ்க்ரூவின் தலையில் மட்டும் ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம். அளவுக்கு மீறி உள்ளே திருகியிருந்தார்கள். "இதை யாரோ ஏத்தி வச்சிருக்காங்களே," என்று யோசிக்காமல் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

கைகளைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்ற கொழுந்தனார் டிராக்டரைப் பிடித்துக்கொண்டார். அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான், காலையிலிருந்து அவர் ஏன் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது எனக்குப் புரிந்தது.

"நாந்தான் மதினி," என்றார். "வண்டி ஒதறுதுடா, பட்டறைக்கு விடணும்னு அண்ணன் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. இதுக்கெல்லாம் எதுக்குப் பட்டறைன்னு நாந்தான் திருகி விட்டேன். அதுக்கப்புறம் ஒதறல் கொறஞ்சிருச்சு. அண்ணனும் விட்டுருச்சு."

திருகியதால் வண்டி நின்றது என்று சொல்ல முடியாது. உதறலை மறைத்ததால் பட்டறைக்கு வர வேண்டிய வண்டி வரவில்லை, கேஸ்கெட் மேலும் இற்றுக்கொண்டே போனது, அவ்வளவுதான். அதை விளக்கிச் சொல்ல நான் வாயெடுத்தேன். நர்ஸம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அவர் திட்டுவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். துக்க வீட்டில் கேட்ட வார்த்தையை அவரிடமே திருப்பிச் சொல்ல அவருக்கு முழு உரிமை இருந்தது. அவர் கொழுந்தனாரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது ஒதறுனது எனக்கும் தெரியும்ல," என்றார். "கோயில் வாசல்ல நிறுத்தும்போதெல்லாம் கை கிடுகிடுன்னும். பழைய வண்டி, அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். நானும் சொல்லலயே."

அவர் ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையாகவே குற்றத்தில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாரா, எனக்குத் தெரியவில்லை. அவர் கால் மேல் தப்பில்லை என்ற பதில் அவர் தேடி வந்த பதில்தான். அதை வைத்துக்கொள்ள அவருக்கு அரை மணி நேரம்கூடக் கிடைக்கவில்லை. கொழுந்தனார் டிராக்டரில் ஏறித் தனியாகப் போய்விட்டார். நர்ஸம்மாவை நான் பஸ் ஏற்றிவிட்டேன். புது கேஸ்கெட் போட்டு வண்டியைச் சரிசெய்து வைத்தேன். இரண்டு பேருமே அதை எடுக்க வரவில்லை. கோயம்புத்தூரிலிருந்து மகள் வந்து யாருக்கோ விற்றுவிட்டுப் போனாள்.

இந்த வருடக் கல்லறைத் திருநாளில் என் அப்பாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றப் போயிருந்தேன். நர்ஸம்மா கணவரின் கல்லறைமேல் செவ்வந்தி வைத்துக்கொண்டிருந்தார். நன்றாக மெலிந்திருந்தார். என் மனைவியைப் பற்றி, பேரனைப் பற்றி விசாரித்தார். கொழுந்தனார் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அந்தா, கேட்டுக்கு வெளிய நிக்கிறாரு பாருங்க. நான் இருக்கிறவரைக்கும் உள்ள வர மாட்டாரு. எத்தன தடவையோ கூப்பிட்டுட்டேன் தம்பி, என் மொகத்தப் பாக்க மாட்டேங்கிறாரு." மிச்சமிருந்த பூவைப் பையோடு கல்லறையின் ஓரத்தில் வைத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "நான் கெளம்புறேன். அவரு உள்ள வந்து கொஞ்ச நேரம் நிம்மதியா நிக்கட்டும்."

வந்த வழியில் போகாமல், பின்பக்கச் சுவரோரம் இருந்த சின்ன வழியாக அவர் வெளியேறினார்.