கிணற்றில் இறங்கிய சீர்க்கட்டில்

அறுபதுகளின் தொடக்கம். எனக்குக் கல்யாணமாகி வந்த முதல் கோடை. சாணார்பட்டிக்குக் கிழக்கே, மலையை ஒட்டினாற்போல எங்கள் தோட்டம். கடைசி வரப்பைத் தாண்டினால் காட்டிலாகாவின் எல்லைக்கல். மலையின் இந்தச் சரிவு மதுரை ஜில்லா, அந்தச் சரிவு திருச்சி ஜில்லா. மான்களுக்கு மட்டும் இந்த விவரத்தை யாரும் சொல்லவில்லை. இரண்டு ஜில்லாவிலும் மேய்ந்துவிட்டு, ஓடை வற்றியதும் எங்கள் கடலைக்காட்டுக்கு வந்துவிடும்.

என் கணவர் பரண்மேல் உட்கார்ந்து கவண்கல் எறிந்துகொண்டே அவற்றைத் திட்டுவார். காது கொடுத்துக் கேட்க முடியாது. இப்படி ஒரு முன்கோபக்காரருக்கா வாழ்க்கைப்பட்டோம் என்று எனக்குப் பயமாக இருக்கும்.

ஒரு நாள் காலையில் தண்ணீர் இறைக்க மாடுகளைக் கமலையில் பூட்டப் போனவர் கிணற்றடியில் அப்படியே நின்றுவிட்டார். உள்ளே ஒரு பெண்மான். கழுத்தளவுத் தண்ணீரில் நின்று சுவரைக் கால்களால் பிறாண்டிக்கொண்டிருந்தது. எனக்கு மானைவிட அவரை நினைத்துத்தான் பயம். முந்தின வருஷம் பக்கத்து ஊர்க்காரர் ஒருவருடைய நிலத்தில் மான் செத்துக் கிடந்தது. அவர்தான் வேட்டையாடினார் என்று காட்டிலாகா வழக்குப் போட்டதில், பாவம், அவர் திண்டுக்கல் கோர்ட்டுக்கு நடையாய் நடந்துகொண்டிருந்தார்.

எல்லையில் காட்டுத்தீ பரவாமலிருக்கச் சருகு அள்ளும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அதற்காக இரண்டு ஜில்லாவின் காட்டிலாகா கார்டுகளும் பக்கத்திலேயே இருந்தார்கள். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டதும் வந்தார்கள். கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“ஓடைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மானு. ஒங்க கணக்குலதான் வரும்” என்றார் எங்கள் பக்கத்துக் கார்டு.

“கெணறு ஒங்க பக்கம்ல இருக்கு? நான் எப்படித் தொடுறது?” என்றார் திருச்சிக்காரர்.

கடைசியில் ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் ஒத்துப்போனார்கள். திண்டுக்கல்லிலிருந்து ரேஞ்சர் வரும்வரை யாரும் மானைத் தொடக்கூடாது. அதற்குள் மானின் தலை ஒரு தடவை தண்ணீருக்குள் போய்விட்டு வந்தது.

“செத்தாலும் எம்மேல கேசு. தொட்டாலும் கேசு. எப்படியும் கேசுன்னா, காப்பாத்திட்டே வாங்கிக்கிறேன்” என்ற என் கணவர், என்னைத் திரும்பிப் பார்த்து, “புள்ள, அந்தக் கட்டில எடுத்துட்டு வா” என்றார்.

வீட்டில் இருந்ததே ஒரு கட்டில்தான். என் பிறந்த வீட்டுச் சீராக வந்த கயிற்றுக்கட்டில். மனசு கொஞ்சம் அடித்துக்கொண்டாலும் தூக்கிக்கொண்டு வந்தேன். தண்ணீர் மொண்டு வரும் சால் வாளியை அவிழ்த்துவிட்டு, கமலை வடத்தில் கட்டிலின் நான்கு கால்களையும் கட்டி இறக்கினார். அவரும் படியில் இறங்கினார்.

கிணற்றுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. “ஒண்ணுமில்ல தாயி. செத்த நேரம் பொறுத்துக்க. சினையா வேற இருக்கியே.”

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. மானின் மேல் எனக்கு லேசாகப் பொறாமைகூட வந்தது.

துண்டால் அதன் கண்ணை மூடி, கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டுக் குரல் கொடுத்தார். நான் மாடுகளை ஓட்டினேன். கட்டில் ஆடி ஆடி மேலே வந்தது. கிணற்று விளிம்புக்கு வந்ததும்தான் அந்தக் கூத்து நடந்தது. சால் மேலே வந்து தண்ணீர் கொட்டியதும், யாரும் சொல்லாமலே பின்னால் நடந்து மேட்டில் ஏறுவது எங்கள் மாடுகளுக்குத் தினசரிப் பழக்கம். அன்றும் அவை சமர்த்தாகப் பின்னால் நடக்க ஆரம்பித்துவிட்டன. கட்டிலும் மானும் மறுபடி கீழே போகின்றன. இதை எங்களில் ஒருவருமே யோசித்திருக்கவில்லை.

“மாட்டப் பிடி புள்ள” என்று அவர் உள்ளேயிருந்து கத்தினார். நான் முன்னால் ஓடி இரண்டு மூக்கணாங்கயிற்றையும் பிடித்துத் தொங்கினேன். அந்த நேரத்தில் கார்டுகள் இருவரும் எந்த ஜில்லா என்று பார்க்கவில்லை. ஆளுக்கொரு கட்டில்காலைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டுவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள்.

என் கணவர் மேலே ஏறி வந்து கட்டை அவிழ்த்ததும் மான் நடுங்கிக்கொண்டு நின்றது. பிறகு எங்கள் கடலைக்காட்டின் குறுக்கே ஓடியது. ஓடுகிற ஓட்டத்தில் ஒரு வாய்க் கடலைச்செடியையும் பிடுங்கிக்கொண்டுதான் மலையேறியது.

நான் கார்டுகளுக்கு மோர் கொடுத்துவிட்டு, கேஸ் ஏதும் வருமா என்று பயந்துகொண்டே கேட்டேன். திருச்சிக்காரர் தன் நனைந்த காக்கிச் சட்டையைப் பிழிந்தபடி, “எந்த மானும்மா? நாங்க மோர் குடிக்க வந்தோம், போறோம்” என்றார். எங்கள் பக்கத்துக் கார்டு இன்னொரு செம்பு மோர் கேட்டார்.

அடுத்த வாரமே மான்கள் மறுபடி வந்தன. என் கணவர் பரணில் ஏறி, பழையபடி வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். நான் கீழே நின்று கவனித்தேன். கவண்கல் ஒவ்வொன்றும் மானுக்கு நாலு முழம் முன்னாலேயே விழுந்தது. குறி தவறாத கை அது.

இத்தனை வருஷங்களில் அவர் என்னையும் எவ்வளவோ திட்டியிருக்கிறார். திட்டி முடித்ததும் கட்டிலைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிணற்றில் இறங்கிவிடுகிற மனிதர்தானே என்று தோன்றிவிடுவதால், அந்தக் கோடைக்குப் பிறகு ஒரு நாள்கூட நான் அவருக்குப் பயந்ததில்லை.