கம்ப்யூட்டர் அறை வேப்பிலை

எண்பதுகளின் கடைசியில், போடியில் நான் டைப்பிஸ்ட்டாக இருந்த ஏலக்காய்க் கம்பெனியில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டவர் ஒல்லியானவர். வெளியிலிருந்து வரும் பிளாப்பி டிஸ்க் எதையும் சோதிக்காமல் விடமாட்டார்.

ஒருநாள், வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் கைக்குழந்தையோடு வேலைக்கு வந்திருந்தேன்; மதுரையிலிருந்து வந்த பிளாப்பியைக் கம்ப்யூட்டர் அறையில் அவரிடம் கொடுத்தேன்.

“இதுல வைரசு இருக்கு தங்கச்சி” என்றார், மிசினில் போட்டுப் பார்த்துவிட்டு.

திரும்பிப் பார்த்தால், அம்மை கண்ட வீடு போல நிலைப்படியில் வேப்பிலை தொங்கியது.

“தொட்டுட்டனே! பிள்ளைக்கு வந்துருமாண்ணே?”

“அது மிசினுக்கு மட்டுந்தேன் வரும்.”

“அப்ப வேப்பிலை?”

“அது இல்லேன்னா ஆளாளுக்குப் பிளாப்பியத் தூக்கிக்கிட்டு உள்ள வந்துர்றாக. இப்ப ஒருத்தரும் எட்டிப் பாக்குறதில்ல” என்று சிரித்தார்.

நிம்மதியாக இருந்தது. குழந்தை அவரிடம் தாவியது. வாங்குவதற்கு முன் அவர் போய்ச் சோப்புப் போட்டுக் கைகழுவி வந்தார். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் குழந்தையைக் குளிப்பாட்டினேன்.