இல்லாத பிரேக்

"அமுத்துங்கப்பா."

"அமுத்தியாச்சு."

"விடாதீங்க. இருங்க. இப்ப விடுங்க."

"விட்டாச்சு, மேடம்."

காருக்கடியில் படுத்திருந்த மகள் சிரிக்கவில்லை. பிரேக் குழாயில் காற்று புகுந்திருந்தது. ஒருவர் உள்ளே உட்கார்ந்து மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே திருகைத் திறந்து மூட வேண்டும். தனி ஆளால் ஆகாது. திருகுக்குக் கீழே வைத்த புட்டிக்குள் எண்ணெயோடு வந்த குமிழிகள் நிற்கும்வரை இருவரும் இதே நாலு வார்த்தைகளைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லாத வீடு.

அவள் லிஃப்ட் பராமரிப்புப் பொறியாளர். "லிஃப்ட்ல பிரேக் எப்பவும் பிடிச்சபடியே இருக்கும்பா. கரண்ட் வந்தாத்தான் விடும்" என்றாள்.

"நல்ல ஏற்பாடு. இந்தப் பசங்களுக்கு அப்படி ஒண்ணு வைக்காம விட்டுட்டாங்களே."

இந்தப் பசங்க என்று அவர் சொன்னால் யாரைச் சொல்கிறார் என்று வீட்டில் கேட்க வேண்டியதில்லை. லைசென்ஸ் அலுவலகத்தில் அவர் விசாரணை அதிகாரி. இருபத்தொரு வயது ஆகாதவர்கள் சிக்னலைத் தாண்டினாலும், கண்மண் தெரியாமல் ஓட்டினாலும், போதைப்பொருளோடு பிடிபட்டாலும் அவர் மேசைக்கு முன்னால்தான் வந்து நிற்க வேண்டும். லைசென்ஸை வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டுவார். பூட்டியபின் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் பூட்டு.

வாய்ச்சண்டைக்கு வருகிறவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"நான் வண்டியே ஓட்டல சார். மொட்டை மாடியில உட்கார்ந்திருந்தேன். கஞ்சாவுக்கும் லைசென்ஸுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சட்டத்தைக் கேளு. அதை நான் எழுதல."

"எழுதலைன்னா கிழிச்சுப் போடுங்க."

"கிழிச்சா எனக்கு வேலை போயிடும். அப்புறம் உன்னை யாருடா வேலைக்குக் கொண்டு போய் விடுறது?"

பையன் அதை நக்கல் என்று நினைப்பான். அவர் அடுத்து கேட்பது ஒரே கேள்வி: "வேலைக்கு எப்படிப் போவ?" பஸ் இருக்கிறது, அண்ணன் கொண்டு விடுவான் என்றால் சரி. தலை குனிந்தால், எத்தனை மணிக்கு, எந்த முனையில் நிற்பாய் என்று கேட்டுக்கொள்வார். மறுநாள் விடிவதற்குள் அவருடைய பழைய கார் அந்த முனையில் நிற்கும்.

வேலைக்கு மட்டும் ஓட்டலாம் என்று விலக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இருந்தது. கொடுக்க மாட்டார். மனைவி இருந்த காலத்தில் இதற்காகச் சண்டை பிடிப்பாள். "ஒரு கையெழுத்துப் போட்டா முடியற காரியத்துக்கு ஊரெல்லாம் சாரதி வேலை பார்க்கறீங்களே, இது என்ன வேண்டுதல்?"

"கையெழுத்துப் போட்டா எனக்குத் தூக்கம் போயிடும். போடலைன்னா அவனுக்குச் சோறு போயிடும். காலங்கார்த்தால எழுந்துக்கறது சுலபம்." முன்பு ஒருவனுக்குக் கொடுத்திருக்கிறார். அவன் வேலைக்குப் போகவில்லை, வீட்டுக்கும் திரும்பவில்லை. அதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான்.

காரில் புத்திமதி கிடையாது. பாட்டும் கிடையாது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ரோட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். "முன்னால என்ன?" "லாரி சார்." "அதுக்கு முன்னால?" "தெரியல சார்." "தெரியலைன்னா என்ன பண்ணணும்?" "மெதுவாப் போகணும்." தூங்கி வழிகிறவன்கூட இரண்டு வாரத்தில் தானாகவே சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

தடைக்காலம் முடிகிற அன்று மாலை ஒரு சடங்கு உண்டு. இழுப்பறையைத் திறந்து லைசென்ஸை மேசைமேல் வைப்பார். அதன்மேல் தன் கார் சாவியை வைப்பார். "இத்தனை நாள் நான் விட்டேன். இன்னிக்கு நீ என்னை வீட்ல விடு." பக்கத்து இருக்கையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். தூங்குவதுபோல் நடிப்பு. முகம் தெரியாத இளவட்டங்கள் அப்பாவை வாசலில் இறக்கிவிட்டு, சாவியை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடப்பதை மகள் ஜன்னலிலிருந்து பலமுறை பார்த்திருக்கிறாள்.

அன்று பிரேக் வேலை முடிந்ததும், காருக்குள் உருண்டுபோன ஸ்பேனரைத் தேடிக் குனிந்தவள், ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைக்கு முன்னால் கிடந்த ரப்பர் விரிப்பைப் பார்த்தாள். குதிகால் படுகிற இடம் தேய்ந்து ஓட்டையாகி, அடித்தகடு பளபளவென்று தெரிந்தது.

"இந்தப் பக்கம் ஏன்பா ஓட்டை? இங்கதான் பிரேக்கே இல்லையே."

"உனக்கு இல்ல. எனக்கு இருக்கு."

"கண்ணை மூடிக்கிட்டு பிரேக் போடுவீங்களா?"

"கண்ணைத்தானே மூடிக்கறேன், காலை யாரு மூடறது?" என்று கையைத் துடைத்துக்கொண்டார்.

அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்தும் அடக்கிக்கொண்டாள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். தானேதான் வளர்ந்தாள். அவள் எழுந்திருப்பதற்குள் யாரையோ ஏற்றிக்கொண்டு போயிருப்பார். பள்ளிக்கு பஸ், கல்லூரிக்கு பஸ். கார் ஓட்டக் கற்றுக்கொண்டதுகூடக் காசு கட்டி, வேறொருவரிடம். "நானும் ஏதாவது பண்ணி மாட்டிக்கிட்டா என்னையும் கொண்டு விடுவீங்களாப்பா?" என்று பள்ளிக்கூட வயதில் கேட்டிருக்கிறாள். அவர் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு அலுவலகத்தில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

பிரேக் சரியான மறுநாள் மதியம், அலுவலகத்தில் கை கழுவப் போனவர் அங்கேயே சரிந்தார். உடலை வேறு வண்டியில் கொண்டு வந்தார்கள். கார் அலுவலக வளாகத்திலேயே நின்றது.

துக்க வீட்டில் அவருடைய போன் விடிகாலையில் அடித்தது. திரையில் 'லாண்டரி' என்று இருந்தது. சலவைக்குப் போட்ட துணியைப் பற்றி இப்போது என்ன என்று மகள் துண்டித்தாள். மறுநாளும் அடித்தது. மறுபடி துண்டித்தாள். மூன்றாம் நாள் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: ரொட்டிக்கடை, பெட்ரோல் பங்க், கோழிப்பண்ணை, லாண்டரி. அப்பா கடைகளைச் சேமித்து வைக்கவில்லை. பிள்ளைகளைத்தான் வேலை பார்க்கிற இடத்தின் பெயரில் வைத்திருந்தார்.

காரை எடுக்கப் போன மாலை, வளாகத்தில் அதன் அருகே ஒரு பெண் நின்றிருந்தாள். பத்தொன்பது வயது இருக்கும். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துச் சீருடை. கையில் லைசென்ஸ்.

"நீங்க சாரோட பொண்ணா? உள்ள வேற ஒருத்தர் எடுத்துக் கொடுத்தாரு. கையெழுத்து வாங்கிட்டு, போன்னுட்டாரு."

"காலையில போன் பண்ணினது நீதானா?"

"ஆமாக்கா. ரெண்டு நாளும் எனக்கு விஷயம் தெரியாது. முனையிலேயே நின்னுட்டு இருந்தேன்."

"அப்புறம் எப்படி வேலைக்குப் போன?"

"நடந்துதான். லேட்டு. இன்னொரு தடவை லேட்டா வந்தா வராதேன்னுட்டாங்க." கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அண்ணனோட பழைய வண்டி இருக்கு. நாளையிலருந்து அதுலதான் போகணும். சிவப்பு விளக்கைத் தாண்டிப் போய் ஒரு ஆளை இடிக்கப் பார்த்தவ நான். பையில மாத்திரை. எல்லாரும் தன்னோடது இல்லம்பாங்க, என்னோடதுதான். அதுக்கப்புறம் ஸ்டியரிங்கைத் தொடல. முதல் தடவை பக்கத்துல நான் உட்கார்றேன்னு சார் சொல்லியிருந்தாரு. அதை நம்பித்தான் இருந்தேன்."

மகளுக்கு ஆறுதல் சொல்ல வராது. கைப்பையிலிருந்து சாவியை எடுத்தாள். அந்தப் பெண்ணின் கையிலிருந்த லைசென்ஸின்மேல் வைத்தாள்.

"அவரை வீட்ல விடணும்னு இருந்தியே. வண்டியையாவது விடு."

அந்தப் பெண் இருக்கையை முன்னுக்கு இழுத்தாள். கண்ணாடியைச் சரிசெய்தாள். மறுபடியும் சரிசெய்தாள். வண்டி ஒரு குலுக்கலோடு வாசலைத் தாண்டியது.

"முன்னால பஸ்" என்றாள், யாரும் கேட்காமலே. "அதுக்கு முன்னால தெரியல. மெதுவாப் போறேன்."

மகள் சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். பஸ்ஸின் இரைச்சல் நெருங்கியது. அவள் வலது கால் தானாக நீண்டு அழுத்தியது. குதிகால் விரிப்பின் ஓட்டைக்குள் இறங்கி, தகட்டில் பதிந்தது.