மாமனாரின் விசில்

போன வாரம் பழைய கைப்பைகளை ஒழித்துக்கொண்டிருந்தபோது, ஒன்றின் உள் ஜிப்பிலிருந்து அந்த விசில் விழுந்தது. பித்தளை விசில். கறுத்துப்போன நூல்கயிறு, வாய் வைக்கும் இடத்தில் பல் தடம். உலுக்கினால் உள்ளே குண்டு உருண்டு கடகடவென்கிறது. ஷார்ஜா ரோலாவில், இருக்கிற சாமான்களுக்கே இடமில்லாத இந்த இரண்டு அறை வீட்டில் இதை எங்கே வைப்பது என்ற எரிச்சல்தான் முதலில் வந்தது. என் மாமனாரைப் பற்றி எதை நினைத்தாலும் எனக்கு முதலில் எரிச்சல்தான் வரும். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வரிசையில் நின்றுதான் வரவேண்டும்.

மாமனார் திருநெல்வேலி டிப்போவில் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றார் என்பது அரசாங்கம் சொன்னது, அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வீட்டில் யாராவது வாசலில் நின்று பேசினால் "படியில நிக்காத, உள்ள போ" என்பார். கல்யாண வீட்டுப் பந்தியில் காலி நாற்காலியைக் கண்டால் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைக்காமல் அவருக்குச் சோறு இறங்காது. விசில் எப்போதும் சட்டைப் பையில் இருக்கும். ஒற்றை விசில் என்றால் நிறுத்து, இரட்டை விசில் என்றால் கிளம்பு. பிள்ளைகள் சின்ன வயதில் தெருவுக்கு ஓடினால் ஒற்றை விசில் ஊதுவாராம், போட்டது போட்டபடி நின்ற இடத்தில் நிற்க வேண்டுமாம். இதை என் கணவர் பெருமையாகச் சொல்வார். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன்.

அவர் மூன்று மாத விசிட் விசாவில் எங்களைப் பார்க்க வந்தபோது நாங்கள் சவூதியில், தம்மாமில் இருந்தோம். அது எங்களுக்கு அங்கே கடைசி மாதம். கணவரின் ப்ராஜெக்ட் முடிந்து, ஷார்ஜாவில் வேறு வேலை உறுதியாகி, வீட்டில் பாதிச் சாமான் அட்டைப் பெட்டிக்குள் போயிருந்தது. அத்தனை வருடம் தம்மாமில் இருந்து நான் கண்டதெல்லாம் வீடு, சூப்பர் மார்க்கெட், கடற்கரைச் சாலை, மறுபடி வீடு. பக்கத்து ஃப்ளாட்டுப் பெண் ஒருமுறை போனில் ஒரு படம் காட்டினாள். அல் அஹ்ஸாவைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு பள்ளத்தாக்கு. காற்றும் மழையும் அறுத்துப் போட்ட செம்பாறைகள் அடுக்கடுக்காக நிற்க, மேலே அந்தி வெயில் மட்டும் விழுந்திருந்தது. இந்த நாட்டை விட்டுப் போவதற்குள் அதன் விளிம்பில் ஒரு முறை நின்றுவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் ஏறிவிட்டது. கணவரிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கடைசியில் நானே ஒரு வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரத்தைப் பிடித்தேன். 'பூமிக்கு அடியில் ஒரு நகரம், பிரம்மாண்ட பள்ளத்தாக்கு, மதியம் பிரியாணி, ஒரே நாளில்' என்றிருந்தது. கிளம்புவதற்கு முந்தின வெள்ளிக்கிழமைக்கு மூன்று இடம் பதிவு செய்தேன். மாமனாரை வீட்டில் தனியாக விடமுடியாது, வேறென்ன செய்வது.

விடிந்தும் விடியாமலும் ஒரு சிறிய பேருந்து வந்து நின்றது. முழுக்கத் தமிழர்கள், கூடவே வந்த சுற்றுலா ஏற்பாட்டாளரும்தான். பெஷாவர்க்கார டிரைவர். வழிகாட்டி ஒரு சவூதி இளம்பெண், சிரித்த முகம், அழகான ஆங்கிலம். பாவம், தன் பேருந்தில் இன்னொரு நிர்வாகி ஏறுகிறார் என்று அவளுக்குத் தெரியாது. மாமனார் ஏறிய நிமிடமே இடுப்பைக் கம்பியில் சாய்த்து நின்றுகொண்டார். குடும்பங்களை முன்னால் அனுப்பினார், தனி ஆட்களைப் பின்னால் தள்ளினார். ஒவ்வொருவரிடமும் "எந்த ஊரு?" என்று கேட்டு, அந்த ஊருக்கு எந்த வண்டி, எங்கே டீக்கு நிற்கும் என்று சொல்லி முடிக்காமல் அடுத்த சீட்டுக்கு நகரவில்லை. கடைசி வரிசை ஜன்னலோரம் ஒரு வெல்டர், தொழிலாளர் கேம்ப்பிலிருந்து தனியாக வந்திருந்தார். சாயல்குடிப் பக்கம் என்றதும் மாமனார் முகம் மலர்ந்துவிட்டது. "ராமேஸ்வரம் வண்டியில அந்த வழியா எத்தனை வருசம் போயிருக்கேன் தெரியுமா. சாயல்குடியில டீக்கு நிறுத்துவோம்லா!" அந்த மனிதர் வாயைத் திறந்து பேசியதை நான் பார்த்தது அப்போது மட்டும்தான். பிறகு மாமனார் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். பெஷாவர்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை, வண்டி கிளம்பிவிட்டது. மைக்கைக் கையில் பிடித்தபடி வழிகாட்டிப் பெண் பின்னால் ஒரு சீட்டில் சாய்ந்து விழுந்தாள்.

வழியெல்லாம் இதே கூத்து. அவள் 'பத்து நிமிடம் நிற்போம்' என்றால் இவர் விசில் ஊதிய பிறகுதான் டிரைவர் வண்டியை எடுத்தார். என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். அப்பா பஸ்ஸில் இருக்கும்போது அவருக்குக் காது கேட்காது.

பூமிக்கு அடியில் நகரம் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது அல் காரா மலையின் குகைகளைத்தான். நகரமில்லை என்றாலும் குறை சொல்ல முடியாத இடம். வெளியே வெயில் தோலை உரிக்கிறது, உள்ளே நுழைந்தால் மலையே இரண்டாகப் பிளந்து வழி விட்டதுபோல உயர உயரமான சந்துகள், சந்துக்குள் சந்து, உடம்பைத் தொடும் குளிர்ச்சி. அந்தக் காலத்தில் கோடையில் சுற்று வட்டாரத்து மக்கள் இங்கே வந்துதான் பகலைக் கழிப்பார்கள் என்று அந்தப் பெண் தணிந்த குரலில் சொன்னாள். எல்லோரும் அண்ணாந்து பார்த்து நின்றோம். மாமனார் மட்டும் கேட்டார், "பூமிக்கடியில ஊருன்னாங்களே, ஸ்டாப்பு எங்க?" கேட்டதோடு விட்டாரா? ஆட்கள் ஆளுக்கொரு சந்தில் பிரிந்து போவதைப் பார்த்ததும் பொறுக்காமல் விசிலை எடுத்து ஊதிவிட்டார். அந்தச் சத்தம் பாறைக்குப் பாறை மோதி, நாலு பக்கமிருந்தும் திரும்பி வந்தது. வேறு கூட்டத்தில் வந்திருந்த ஒரு குழந்தை வீறிட்டது. இரண்டு பேர் ஆபத்து என்று நினைத்து வாசலைப் பார்த்து ஓடினார்கள். காவலாளி "மாஃபி விசில், மாஃபி விசில்", விசில் கூடாது என்று கையை ஆட்டிக்கொண்டு வந்தார். எனக்கு முகத்தை எங்கே கொண்டு வைப்பதென்று தெரியவில்லை. "குடுங்க மாமா" என்று அவர் கையிலிருந்து விசிலைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். இன்றைக்கும் சொல்கிறேன், பிடுங்கியது சரிதான்.

குகையிலிருந்து வெளியே வந்து பிரியாணி முடிந்து எல்லோரும் ஏறியபோது, கடைசி வரிசை ஜன்னலோரம் காலியாக இருந்தது. சாயல்குடிக்காரரைக் காணவில்லை. சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் இருந்த எண், அவருக்காகப் பதிவு செய்த ரூம்மேட்டுடையது, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. என் கணவரும் இன்னொருவரும் குகைக்குள் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வழிகாட்டிப் பெண் கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, இப்போதே கிளம்பினால்தான் வெளிச்சத்தில் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேரலாம், காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போவோம் என்றாள். "யல்லா, யல்லா, கிளம்புங்க" என்று எல்லோரும் ஆமோதித்தார்கள். மாமனார் எழுந்து போய்ப் படியில் நின்றுகொண்டார். அவர் நிற்கும்வரை கதவு மூடாது.

"டிக்கெட் வாங்கினவன் ஏறாம வண்டி எடுக்கப்பிடாது" என்றார். அதை என் கணவர் ஆங்கிலத்தில் சொல்லித் தொலைத்தார். அந்தப் பெண் "அங்கிள், ப்ளீஸ்" என்றாள். பின்னாலிருந்து ஒருவர், "பெருசு, இது உங்க ஊர் வண்டி இல்ல" என்றார். நான் எழுந்து படிக்குப் போனேன். என் பள்ளத்தாக்கின் மேல் வெயில் சாய்ந்துகொண்டிருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிந்தது.

"மாமா, அவர் என்ன சின்னப் பிள்ளையா? ஒரு டாக்ஸி பிடிச்சு வந்துர மாட்டாரா?"

"கையில காசு இருக்கா, இக்காமா அட்டை இருக்கா, எங்கயும் விழுந்து கிடக்கானா, உனக்குத் தெரியுமாம்மா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. அதாம் நிக்கேன்."

முன்பின் தெரியாத ஒருவருக்காக, வாழ்நாளில் ஒரே ஒரு தடவை நான் ஆசைப்பட்டுக் கேட்ட ஒன்றை இவர் படியில் நின்று மறித்துக்கொண்டிருக்கிறார். நான் இனி இந்த நாட்டுக்கு வரப்போவதில்லை என்பதும் அவருக்குத் தெரியும். சொன்னேன், குரலை உயர்த்தியே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார், வருத்தமாகத்தான் பார்த்தார், ஆனால் கால் நகரவில்லை. ஒன்றரை மணி நேரம் நின்றார். முட்டிவலிக்காரர், இருந்தும் நின்றார். கடைசியில் அந்தப் பெண் மைக்கை எடுத்து, இனி இருட்டிவிடும், பள்ளத்தாக்கு ரத்து, மன்னிக்கவும் என்றாள். போலீசுக்குச் சொல்லித் தேடச் செய்வதாகக் காவலாளியிடம் உறுதி வாங்கி, அவருடைய போன் எண்ணையும் வாங்கிக்கொண்ட பிறகுதான் மாமனார் உள்ளே ஏறினார்.

தம்மாமை நெருங்கும்போது ஏற்பாட்டாளரின் போன் அடித்தது. சாயல்குடிக்காரர் மத்தியானமே குகை வாசலில் ஊர்க்காரர்கள் சிலரைப் பார்த்திருக்கிறார். அவர்கள் பிக்கப்பில் ஏறிக் கேம்ப்புக்குப் போய்விட்டார். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. இப்போது நல்ல தூக்கமாம். வண்டியே கொதித்தது. எனக்கு அழுகை வந்தது, ஆத்திரத்தில் வந்த அழுகை. மாமனார் முகத்தில் அப்படியொரு நிம்மதி. "ஆளு பத்திரமா போய்ச் சேந்துட்டாம்லா? பெறகென்ன. ரைட்." அவ்வளவுதான், அந்த நிமிடமே தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டையோடு.

அடுத்த வாரம் அவர் ஊருக்குப் போனார், நாங்கள் ஷார்ஜா வந்தோம். விசிலை அவர் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. கேட்டால் கொடுத்திருப்பேன். கேட்டிருக்கலாம், அதிலும் ஒரு வீம்பு. இங்கே மலைக்குக் குறைவில்லை. ஹத்தா, ராஸ் அல் கைமா என்று கணவர் கூட்டிப்போனார், பள்ளங்களையும் பாறைகளையும் காட்டினார். "அதுவும் கல்லு, இதுவும் கல்லு" என்று சமாதானம் வேறு. அப்பாவுக்குத் தப்பாத பிள்ளை.

போன வருடம் ஒரு விடியற்காலையில் மாமனார் இறந்துபோனார். மறுநாள் காலை விமானத்துக்குத்தான் எங்களுக்கு டிக்கெட் கிடைத்தது. அதுவும் தாமதம். ஷார்ஜா விமான நிலையத்தில் கணவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஊரிலிருந்து போனுக்கு மேல் போன். திருவனந்தபுரத்தில் இறங்கி, அங்கிருந்து காரில் ஊர் போய்ச் சேர இருட்டிவிடும். ஒரே மகன். சின்ன மாமனார் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார், "இருட்டுனா எடுக்கப்பிடாதும்மா, பெரியவங்கல்லாம் சத்தம் போடுதாங்க. வண்டி வந்து நிக்கி. வெளக்கு வைக்கதுக்கு முன்ன எடுத்துருதோம்." குளிர்பெட்டியில் இருக்கும் உடம்புக்கு இரண்டு மணி நேரத்தில் என்ன ஆகிவிடும்? எனக்குள் இருந்த பொறுமையெல்லாம் போய்விட்டது. போர்டிங் கேட்டுக்கு முன்னால், அத்தனை சனங்களுக்கும் நடுவில் எழுந்து நின்று கத்தினேன்.

"ஆளு வராம வண்டி எடுக்கப்பிடாது!"

அந்தப் பக்கம் போன் கைமாறுவது கேட்டது. பிறகு ஒரு கிழட்டுக் குரல். மாமனாரோடு ராமேஸ்வரம் வண்டியில் ஓடிய டிரைவர், நான் அதுவரை ஒருமுறைகூடப் பேசியிராதவர். "நீங்க பதறாம வாங்கம்மா. நான் அமரர் ஊர்தி படியிலதான் உக்காந்துருக்கேன். எவன் எடுக்கான்னு பாப்போம்."

நாங்கள் போய் இறங்கியபோது நன்றாக இருட்டியிருந்தது. தெருவில் குழல்விளக்கு கட்டியிருந்தார்கள். பாதிப் பேர் முணுமுணுத்துக்கொண்டு நின்றார்கள், பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள். டிரைவர் படியில்தான் இருந்தார். என் கணவரைக் கண்ட பிறகுதான் கம்பியைப் பிடித்து எழுந்தார். எல்லாம் முடிந்து அப்பாவோடு மகனும் வண்டியில் ஏறியதும், என்னைப் பார்த்து, "அவன் விசிலை வீடு பூராத் தேடினோம்மா, கையில வச்சு அனுப்பலாம்னு. கெடைக்கல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவர் உள்ளங்கையால் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு முறை தட்டினார். வண்டி நகர்ந்தது.

அந்த விசில்தான் இப்போது ரோலாவில் என் சமையல் மேடையில் கிடக்கிறது. கழுவினேன், புளி போட்டுத் தேய்த்தேன், பல் தடம் மட்டும் போகவில்லை. பிறகு ஏனென்று தெரியாமல் வாயில் வைத்தேன். இரட்டை ஊத மனம் வரவில்லை. ஒன்றே ஒன்று ஊதினேன். சுவருக்கு அந்தப் பக்கத்து வீட்டில் யாரோ இந்தியில் திட்டினார்கள். எட்டிப் பார்த்தேன். கூடத்தில் டியூட்டிக்குப் போகச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த என் கணவர், ஐம்பது வயது மனிதர், கை அப்படியே நிற்க, அசையாமல் நின்றுகொண்டிருந்தார். கருகல் வாடை வரும்வரை இரண்டு பேரும் நகரவில்லை. நல்ல சட்டை. அதுவும் போயிற்று, மாமாவால்.