ஆமைப் பெட்டியின் பல்பு

ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, மகளை வேப்பம்பட்டிலிருந்து கவரைப்பேட்டைக்குக் கூட்டி வந்தேன். துணிப்பையை நான் தூக்கினேன். அவள் தூக்கியது ஒரு செருப்பு அட்டைப்பெட்டி. பக்கவாட்டில் ஓட்டை போட்டிருந்தாள். ரயிலில் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

எதிரில் உட்கார்ந்திருந்த அம்மா, "இன்னாம்மா, கோழிக்குஞ்சா?" என்று கேட்டாள். மகள் மூடியைத் திறந்து காட்டினாள். அந்த அம்மா எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டாள்.

உள்ளே ஆமை. உள்ளங்கை அளவு. நம் ஊர்க் காட்டு ஆமையை வீட்டில் வைத்தால் பிடித்துப் போய்விடுவார்கள். இது வெளிநாட்டு ஜாதி. மாப்பிள்ளை முறையாகப் பதிவு செய்து வாங்கியது.

வாங்கியதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின வருஷம் மகளுக்கு ஒன்று ஐந்தாம் மாதத்தில் தங்காமல் போனது. அதற்குப் பிறகு அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை குடோன் வேலைக்குப் போகிறவர். வாயில்லாத மனுஷர். என்ன செய்வது என்று தெரியாமல் ஒரு நாள் சென்னைக்குப் போய் இதை வாங்கி வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் அதற்குக் கீரை கிள்ளிப் போட ஆரம்பித்தாள். பிறகு அதோடு பேசினாள். பிறகு எங்களோடு பேசினாள்.

கிளம்பும்போது சம்பந்தியம்மா வாசலில் நின்றுகொண்டு சொன்னாள். "மாசமா கீறவ கூட ஆமைய எதுக்கு அனுப்பணும்? அதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நாளைக்கு இன்னா இன்னா பேச்சு வரும்?"

மகள் அட்டைப்பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். ரயிலில் என்னிடம் சொன்னாள். "இது போச்சுன்னா இதுவும் போயிடுமோன்னு பயமா கீதும்மா." பெட்டியைப் பார்த்துவிட்டு, வயிற்றில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"அப்டிலாம் பேசாத" என்றேன்.

என் வீடு ஸ்டேஷனுக்குப் பின்னால். ஒரே அறை, சமைக்க ஒரு மூலை, மேலே சிமெண்ட் ஷீட். நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்புக் கம்பெனியில் பெருக்குகிறேன். விடிவதற்கு முன்னால் ரோட்டில் கம்பெனி வண்டி வந்து ஹாரன் அடிக்கும். ஏறிப் போனால் திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும்.

அது ஐப்பசி. மழை விடவில்லை. வேப்பம்பட்டில் மாடி இருந்தது, வெயில் காட்டினாள். இங்கே வெயிலே இல்லை. நான் தூக்கி வந்த பையில் பல்புகள் வைத்திருந்தாள். ஒன்று வெயில் மாதிரி வெள்ளை வெளிச்சம் தருவது. அது இல்லாவிட்டால் ஓடு கெட்டிப்படாதாம். இன்னொன்று சூடு தருவது. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துப் படித்துவைத்திருந்தாள்.

"ஒரு பக்கம் சூடா இருக்கணும்மா. இன்னொரு பக்கம் சாதாரணமா இருக்கணும். அதுவே எது வோணுமோ அங்க போய்க்கும்."

"எங்கிட்ட உடு" என்றேன்.

"உனக்கு ஆமை தெரியுமா?"

"எத்தன குஞ்சு வளத்து உட்டிருக்கேன். இது ஒண்ணு பெருசா?"

"நீ வளத்ததெல்லாம் கறிக்கடைக்குப் போச்சும்மா."

அது நிஜம். கம்பெனிக்கு வருவதற்கு முன்னால் பெரியபாளையம் பக்கம் கறிக்கோழி ஷெட்டில் பல வருஷம் வேலை பார்த்தேன். ஒரு நாள் வயசுக் குஞ்சு பெட்டி பெட்டியாக வந்து இறங்கும். தரையில் உமி கொட்டி, தகரக் குடைக்கு அடியில் பல்பு தொங்கவிட்டு, சுற்றித் தகடு வளைத்து, அதற்குள் விடுவோம். பல்பு பகலும் ராத்திரியும் எரியும். அணைக்கவே கூடாது. சூடு போதுமா என்று குஞ்சைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். பரவலாக மேய்ந்தால் சரி. மூலையில் ஒதுங்கி ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். பல்பை இறக்க வேண்டும்.

ஒரு தடவை கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. காலையில் மூலையில் குவியலாகக் கிடந்தன. அன்னக்கூடையில் அள்ளிப் போட்டோம். அன்றிலிருந்து எனக்கு இருட்டு என்றால் ஆகாது.

கம்பெனியில் மெஷின் வந்த மரப்பெட்டி ஒன்று சும்மா கிடந்தது. சூப்பர்வைசரைக் கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன்.

"ஆமைக்கு ஊடா? எனக்கே கம்பெனில குவாட்டர்ஸ் தரல" என்று சொல்லி, பெட்டியை வெளியே விடும்படி கேட் வாட்ச்மேனிடம் சொன்னார்.

பெட்டியில் உமி கொட்டினேன். தகரக் குடை ஒன்று செய்து சூட்டுப் பல்பைத் தொங்கவிட்டேன். வெள்ளை லைட்டை அதற்குப் பக்கத்தில் கட்டினேன். இரண்டையும் போட்டேன். அணைக்கவில்லை.

அறை முழுக்க வெளிச்சம். நாங்கள் இரண்டு பேரும் அந்த வெளிச்சத்திலேயே படுத்தோம். மகள் துப்பட்டாவைக் கண்ணுக்கு மேல் போட்டுக்கொண்டாள். "ராத்திரி மட்டும் அணைக்கலாமாம்மா? வீடியோல அப்டிதான் சொல்றாங்க" என்று ஒரு தடவை கேட்டாள்.

"வாணாம். இருட்டுல குளுரு ஏறிக்கும். அவனுங்க குஞ்சு செத்தத பாத்தானுங்களா?" என்றேன்.

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. குஞ்சு வளர்த்த கை என்று நம்பினாள்.

ஆமை மூலைக்குப் போனது. பல்புக்கு எதிர் மூலை. அங்கே தலையை உமிக்குள் புதைத்துக்கொண்டது. மூலை என்றால் குளிர். எனக்குத் தெரிந்தது அதுதான். பல்பை இறக்கினேன். மறுநாளும் மூலைதான். இன்னும் பெரிய பல்பு வாங்கிப் போட்டேன். அது இன்னும் ஆழமாகத் தோண்டியது. குஞ்சு என்றால் கூட்டம் சொல்லும். இது ஒன்றே ஒன்று. எதை வைத்துக் கண்டுபிடிப்பது.

அப்புறம் கண் வீங்கியது. உமித் தூசு ஒட்டிக்கொண்டு திறக்கவில்லை. முருங்கைக் கீரை போட்டோம், தொடவில்லை. செம்பருத்தி இலை போட்டோம், தொடவில்லை. மகளும் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்சம்மா மகளுக்கு பிரஷர் பார்த்தாள். இரண்டு தடவை பார்த்தாள்.

"ஏம்மா, ராத்திரில தூங்கறியா?"

"தூங்கறேன் சிஸ்டர்."

நர்சம்மா என்னைப் பார்த்தாள். "அடுத்த வாரமும் இப்டியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிருவேன். அட்மிஷன்தான். அப்புறம் பேஜாரு பண்ணாதீங்க."

வெளியே வந்து மகள் சொன்ன முதல் பேச்சு, "அங்க ஆமைய உள்ள உட மாட்டாங்களே" என்பதுதான். எனக்குக் கோபம் வந்தது. முன்னால் நடந்தேன்.

பக்கத்து வீட்டில் இருப்பவள் பழவேற்காட்டுப் பக்கத்துக்காரி. ஸ்டேஷன் ரோட்டில் மீன் விற்கிறாள். என்னைவிடச் சின்னவள். வாய் மட்டும் பெரிது. பெட்டியை எட்டிப் பார்த்தாள்.

"யக்கா, எங்கூர்ல வலைல ஆமை மாட்னா குங்குமம் வச்சு கும்புட்டு திருப்பி தண்ணில உட்ருவோம். நீ இன்னா, பல்பு போட்டு வறுத்துகினு கீற?"

"அது கடலாமை. இது தரை ஆமை. போடி."

"எதுவா இருந்தா இன்னா. மூஞ்சி மேல லைட் அடிச்சா போலீஸ்காரன் விசாரிக்கற மாதிரி இருக்கும்."

மகள் சிரித்தாள். ரொம்ப நாள் கழித்து. நான் சிரிக்கவில்லை.

கார்த்திகையில் புயல் வந்தது. கம்பெனி லீவு விட்டது. சாயங்காலம் காற்று எடுத்தது. ஷீட் தடதடவென்று ஆடியது. ரோட்டில் எங்கேயோ வெடித்த சத்தம். கரண்ட் போனது. பெட்டி இருண்டது.

ஷெட்டு மூலைதான் கண்ணில் நின்றது. மகள் இருட்டில், "அம்மா, எதுனா பண்ணும்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

மீன்காரி டார்ச்சோடு வந்தாள். தலையில் தெர்மாகோல் பெட்டி. மீனுக்கு ஐஸ் போட்டு வைப்பது.

"யக்கா, இதுல ஐஸு வச்சா ரெண்டு நாள் உருகாது. சூடு வச்சா மட்டும் ஓடிடுமா? தண்ணி காய வை."

கேஸ் இருந்தது. வெந்நீர் வைத்து பாட்டில்களில் ஊற்றினோம். பழைய சேலையைச் சுற்றி, பெட்டியில் ஒரு பக்கமாக அடுக்கினோம். கையை உள்ளே விட்டுப் பார்த்தேன். பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீர் மாதிரி இதமாக இருந்தது. உமியைத் துடைத்து, கண்ணை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, ஆமையை உள்ளே விட்டோம். மூடியில் கத்தியால் ஓட்டை போட்டு மூடினோம்.

"மீன் நாத்தம் அடிக்கும்" என்றேன்.

"அதுக்கு இன்னா, பொண்ணு பாக்கவா வராங்க?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் எழுந்து எழுந்து பாட்டில் மாற்றினேன். அப்போதுதான் கவனித்தேன். மகள் அசையவில்லை. துப்பட்டா முகத்தில் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பி, முட்டியை மடக்கி, சின்ன வயசில் தூங்கின மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள்.

காலையில் மூடியைத் திறந்தோம். ஆமை மூலையில் இல்லை. பாட்டில் பக்கமாக நடுவில் கிடந்தது. நாலு காலையும் கழுத்தையும் வெளியே நீட்டியிருந்தது. செத்துவிட்டது என்றே நினைத்தேன். மகள் விரலால் தொட்டாள். அது காலை உள்ளே இழுத்துக்கொண்டது.

"அம்மா, தூங்குதும்மா. கால நீட்டிகினு தூங்குது."

மரப்பெட்டியில் ஒரு நாள்கூட அது அப்படிக் கிடந்ததில்லை.

அடுத்த நாளும் கரண்ட் வரவில்லை. ஆனால் வெயில் வந்தது. அடிபம்ப் பக்கத்தில் ஈரம் காய்ந்த இடத்தில் விட்டோம். ரொம்ப நேரம் சும்மா இருந்தது. பிறகு ஒரு கண் திறந்தது. மகள் செம்பருத்திப் பூவை நீட்டினாள். அது முகர்ந்தது. வாயைத் திறந்து ஓரத்தைக் கடித்தது. மகள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். எழுப்பிவிட இரண்டு பேர் வேண்டியிருந்தது.

அன்றைக்கு யோசித்தேன். குஞ்சுக்கு இறகு முளைத்து, சூடு வேண்டாமல் போன பிறகும் ஷெட்டில் ராத்திரி லைட் எரிந்தது எதற்கு? குஞ்சு விடாமல் தின்ன வேண்டும். தின்றால்தான் எடை ஏறும். அது குஞ்சுக்காக எரிந்த லைட் இல்லை. இத்தனை வருஷம் எனக்கு அது தோன்றியதில்லை. சூடும் வெளிச்சமும் ஒன்று என்றே இருந்துவிட்டேன். ஆமை மூலைக்குப் போனது குளிரில் இல்லை. வெளிச்சத்துக்கு ஒளிய இடம் தேடியிருக்கிறது.

மகளிடம் அவ்வளவும் சொல்லவில்லை. "இனிமே ராத்திரி அணச்சிடலாம்" என்று மட்டும் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்.

அந்த வாரம் நர்சம்மா பிரஷர் பார்த்தாள். "கொஞ்சம் எறங்கிக்கீதே. இன்னாம்மா பண்ண?"

"கரண்ட் போச்சு சிஸ்டர்" என்றாள் மகள்.

நர்சம்மாவுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள நேரமும் இல்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வந்தார். கையில் ஒரு பல்பு. வெள்ளையாக, பீங்கான் மாதிரி, கண்ணாடியே இல்லை.

"இது எரியாது அத்தை. வெளிச்சம் வராது. சூடு மட்டும்தான்."

நான் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மீன்காரி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "எரியாத பல்பு எங்கூட்லயும் கீது. அத்த யாரும் டப்பு குடுத்து வாங்கல."

பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டுக்கு உருகிவிடும் என்றார் மாப்பிள்ளை. கம்பெனி எலக்ட்ரீஷியனைப் போனில் கேட்டு, வாங்கி வந்து பீங்கான் ஹோல்டர் மாட்டினோம். ஆமைக்கு எட்டாத உயரத்தில், கம்பி வலை சுற்றி. உமியைக் கொட்டிவிட்டு மண்ணும் தேங்காய் நார்த்தூளும் பரப்பினோம். ஓரத்தில் உடைந்த பானைத் துண்டைக் கவிழ்த்து வைத்தோம், உள்ளே ஒளிந்துகொள்ள. தண்ணீர்த் தட்டு எதிர்ப் பக்கம். பகலில் வெள்ளை லைட்டும் சூட்டுப் பல்பும். பொழுது இறங்கினால் இரண்டையும் அணைத்துவிட்டு எரியாதது. மாப்பிள்ளை சூடு பார்க்க ஒரு சின்ன மீட்டர் ஒட்டினார். நான் இன்றைக்கும் புறங்கையை வைத்துத்தான் பார்க்கிறேன்.

அன்று ராத்திரி வெளிச்சத்தை அணைத்தேன். அறை இருண்டது. பெட்டிப் பக்கம் கை நீட்டினேன். இருட்டிலிருந்து சூடு வந்தது. அது எனக்குப் புதுசு. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு படுத்தேன்.

கண் விழித்தபோது வாசலில் வெயில் இருந்தது. மகள் ஆமைக்குக் கீரை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"வண்டி?"

"ஹாரன் அடிச்சி அடிச்சி பாத்துட்டு போயிட்டாங்க."

"எழுப்பக் கூடாதா?"

"எழுப்பலாம்னுதான் வந்தேன். வாயத் தொறந்துகினு தூங்கின. உட்டுட்டேன். நாஷ்டா துன்னு."

கம்பெனிக்குப் போன நாளிலிருந்து நான் வண்டியைத் தவறவிட்டது அன்றுதான். இட்லி ஆறிப்போயிருந்தது. தின்றேன். மறுபடியும் படுத்துக்கொண்டேன்.

தை மாதம் பெண் பிறந்தது. பங்குனியில் வண்டி வைத்து அழைத்துப் போக வந்தார்கள். பிள்ளையை மாப்பிள்ளை வாங்கிக்கொண்டார். மரப்பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. நான் ஒரு பக்கம் பிடித்தேன். மறுபக்கத்தை யாரும் சொல்லாமலே சம்பந்தியம்மா பிடித்தாள். வண்டியில் ஏற்றிவிட்டு, உள்ளே பார்த்து, என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

"ராத்திரி இத்துக்கு இன்னா லைட்டு போடணும்?"

"ஒண்ணும் போடாதீங்க" என்றேன். "அணச்சுட்டு நீங்களும் படுங்க."