மருந்து அறைக்கு ஏற்ற மரம்

எம். புதுப்பட்டி பட்டாசு கம்பெனியில் வெடிமருந்து கலந்த முருகம்மாள், விபத்தில் கை வெந்தபின் அங்கேயே தோட்டவேலை பார்த்தாள். புது மேனேஜர் நல்லசிவம் ஒரு லோடு தைலமரக் கன்றுகளை இறக்கினார்.

“மருந்து ரூமைச் சுத்தி வை. சீக்கிரம் வளரும்.”

“இந்த இலையில எண்ணெய் இருக்கு, சார். சருகுல பொறி பட்டாப் பத்திக்கிரும். புங்கை வைங்க. நம்ம கரிசல்ல சித்திரை வெயிலுக்கும் பச்சையா நிக்கும்.”

ஆத்திரத்தில் அவரே குழி தோண்டக் கடப்பாரையோடு மருந்து அறை ஓரம் போனார். உள்ளே நான்கு பெண்கள் இருந்தார்கள். இரும்பு கல்லில் பட்டால் பொறி பறக்கும். ஓங்கிய கடப்பாரையை முருகம்மாள் வெந்த கையால் பிடித்துக்கொண்டாள்.

“இங்கன இரும்பு ஆகாதுன்னே தெரியலை. எந்த மரம் ஆகும்னு மட்டும் தெரியுமாக்கும்?”

இன்று அங்கே புங்கை நிற்கிறது. நல்லசிவம் அந்தப் பக்கம் போனால், சாவிக்கொத்தைக்கூட அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் போகிறார்.