துருவத்தில் தெற்கு எந்தப் பக்கம்

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை, மாலை 6.40. சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் இரண்டு பாகை செல்சியஸ், மழையும் பனியும் கலந்து விழுந்துகொண்டிருந்தது. என் மகன் இருந்த தென்துருவ நிலையத்தில் அப்போது மறுநாள் காலை 6.40. வாரக்கணக்கில் மறையாத வெயில், மைனஸ் இருபத்தெட்டு.

மனைவி போய் ஓராண்டு. அவளுக்குக் கொள்ளி வைத்த ஒரே மகன், பனிக்கட்டி துளைக்கும் வேலைக்காக ஐந்து வாரங்களுக்கு முன் அங்கே போயிருந்தான். ஆண்டு முடிவில் வரும் ஆட்டைத் திவசமும் அவன் கையால்தான் நடக்கவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். ஐயரிடம் கேட்டு மந்திரத்தை எழுதிக்கொடுத்து, ஐம்பது கிராம் எள்ளையும் பைக்குள் வைத்து அனுப்பினேன்.

செய்மதித் தொலைபேசியை நான்காவது முறை அழைத்தபோதுதான் எடுத்தான்.

“எள்ளு இல்லையப்பா. இஞ்சை விதை ஒண்டும் கொண்டு வரேலாது, ஃபெர்போட்டன், தடை. பிளேன் ஏறமுதல் எடுத்துப்போட்டாங்கள்.”

“அப்ப தண்ணியை மட்டும் விடு. தெற்கைப் பாத்து.”

“துருவக் கம்பத்தடியிலை நிக்கிறன். எல்லாப் பக்கமும் வடக்குத்தான்.”

அதை நான் யோசித்திருக்கவில்லை. அரை நிமிடம் வீணாய்ப் போனது.

“பத்து அடி தள்ளிப் போ. திரும்பிக் கம்பத்தைப் பார். அதுதான் தெற்கு.”

பனி நெரிபடும் சத்தத்தை எண்ணினேன். “பதினொண்டு வைச்சிட்டாய்.”

“ஒண்டு சறுக்கினது. அதையும் எண்ணுறியளோ?”

உலகத்து நன்னீரில் பெரும்பங்கு அந்தக் கண்டத்தில்தான் கிடக்கிறது. அவன் காலடியில் மட்டும் கிட்டத்தட்ட மூன்று கிலோமீற்றர் கனம். ஆனாலும் ஒரு கை தண்ணீருக்குப் பனிக்கட்டியை உருக்கி, பிளாஸ்க்கில் கொண்டுவர வேண்டியிருந்தது. மழையில்லாத இடம், காய்ந்த காற்றில் உதடு வெடிக்கிறதென்று முன்பே சொல்லியிருந்தான்.

மந்திரத்தில் பாதியை விழுங்கினான். தாயின் பெயரை மட்டும் தெளிவாகச் சொன்னான். பிறகு பிளாஸ்க் மூடியைத் திருகும் சத்தம்.

“விட்டிட்டியோ?”

“ஓம். விழுந்த உடனை கட்டியாப் போச்சு.”

“கரையாதோ?”

“இஞ்சை ஒண்டும் கரையாதப்பா. ஆனா இந்த ஐஸ் முழுக்கக் கடல் பக்கம் நகருது. வருசம் பத்து மீற்றர்.”

கடல் ஆயிரத்து முன்னூறு கிலோமீற்றர் என்றான். அந்த வேகத்தில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் வருடம். இரண்டு தரம் வகுத்துப் பார்த்தேன். ஊரில், கீரிமலைக் கடலில் என்றால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

“கை விறைக்குதப்பா. உள்ளுக்குப் போறன்.”

“போ. கையுறையைப் போடு.”

எழுந்து விளக்கேற்றினேன். எள்ளில்லாவிட்டாலும் அவன் கையால் நடந்துவிட்டது.

தொலைபேசிக் கட்டணச் சீட்டு ஜனவரியில் வந்தது. ஒன்பது நிமிடம், ஐம்பத்தெட்டு பிராங் ஐம்பது.